வீடு யார் பேரில்?

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சார், நீங்க எங்கெங்கேயோ போய்ட்டு வந்திருக்கீங்க, அதைப் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். இருபது நிமிஷம் என்று கணக்கும் சொல்லிவிட்டார். பின்னால் சாம்பார் வாசனை வருகிறது. அதனால் அந்தக் கணக்கை நான் மீற மாட்டேன்.

நான் போலகத்துக்காரன். வடக்கே போனால் காரைக்கால், தெற்கே போனால் நாகூர். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சில வருஷத்துக்கு முன்னால் நானும் என் மனைவியும் மலேசியாவில் செரம்பான் ஊரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய் ஆறு வாரம் தங்கினோம். புறப்படும்போதே தெருவில் ஒரு பெரியவர் கேட்டார்: "பொண்ணு வீட்டுல ஆறு வாரமா? மரியாதையா இருக்குமா தம்பி?" நம்ம பக்கத்தில் அப்படித்தானே! பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் தங்கினால் கௌரவக் குறைச்சல். மாப்பிள்ளை பெண் வீட்டில் தங்கினால் அதைவிட மோசம். 'வீட்டோடு மாப்பிள்ளை' என்பதை வசவாகவே சொல்லுவோம்.

நான் போய் இறங்கிய இடமோ, வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பதுதான் முறை என்று பல நூறு ஆண்டுகளாக வாழ்கிற மக்களின் நாடு! அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

செரம்பான், நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைநகர். அந்தப் பெயருக்கு 'ஒன்பது நாடுகள்' என்று அர்த்தம். ரப்பர் தோட்டங்களுக்கு நம் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போன மாநிலங்களில் அதுவும் ஒன்று. ஆனால் தோட்டங்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே, 15ஆம் நூற்றாண்டிலிருந்து, சுமத்ரா தீவின் மேற்கு மலைப் பகுதியிலிருந்து மினாங்கபாவ் மக்கள் கடலைக் கடந்து வந்து அங்கே குடியேறினார்கள். வரும்போது தங்கள் வழக்கத்தையும் கொண்டு வந்தார்கள். அதற்கு 'அடாட் பெர்பாத்தே' என்று பெயர். குலம் தாய் வழியில் போகும். பரம்பரை நிலமும் வீடும் பெண் பேரில் இருக்கும். கல்யாணமானால் ஆண், பெண் வீட்டுக்குப் போவான்.

வெள்ளைக்காரன் அந்த வழக்கத்தைச் சட்டமாகவே எழுதி வைத்தான். 1909ஆம் ஆண்டுச் சட்டப்படி பரம்பரை நிலம் என்று பதிவேட்டில் குறிக்கப்பட்ட நிலம் அந்தக் குலத்துப் பெண்களின் கையைவிட்டு வெளியே போக முடியாது. 1951இல் ரெம்பாவ் பகுதியில் சில ஆண்கள், இந்த முறையை மாற்ற வேண்டும், ஆண்களுக்கும் பங்கு வேண்டும் என்று கிளம்பினார்கள். பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? "அப்படியானால் எங்களுக்கு விவாகரத்து கொடுங்கள்" என்றார்கள். வீடு அவர்கள் பேரில் இருக்கிறது, நிலமும் அவர்கள் பேரில் இருக்கிறது. போனால் புருஷன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பேச்சு அதோடு அடங்கிவிட்டது!

ஸ்ரீ மெனாந்தி என்ற ஊரில் பழைய அரண்மனை இருக்கிறது. வெளியே நின்றுதான் பார்த்தோம். 1908இல் கட்டி முடித்த மரக் கட்டடம், 99 தூண்கள், ஆணி அடிக்காமல் மரச் செருகலாலேயே இணைத்தது. அந்த நாட்டு ராஜ வம்சம் தந்தை வழியில் வருவது. ஆனால் ராஜாவைத் தேர்ந்தெடுக்கிற 'உண்டாங்' என்ற தலைவர்களின் பதவி தாய் வழியில் வருவது. மலேசிய ரிங்கிட் நோட்டில் ஒரு படம் பார்த்திருப்பீர்கள். 1957இல் முதல் மாமன்னரான துவாங்கு அப்துல் ரஹ்மான், இந்த மாநிலத்தின் அரசர்தான்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, மூல ஊரையும் பார்த்துடலாம்பா" என்றாள் மகள். கோலாலம்பூரிலிருந்து பாடாங் ஒரு மணி நேர விமானப் பயணம். அந்த விமான நிலையத்தின் பெயரே மினாங்கபாவ் விமான நிலையம். கூரையைப் பார்த்தாலே ஊரின் குணம் தெரிந்துவிடும். இரண்டு முனையும் எருமைக் கொம்பு மாதிரி வானத்தைப் பார்த்து வளைந்து நிற்கிறது. ஜாவாக்காரர்களோடு எருமைச் சண்டை வந்தபோது, பால்குடி மறக்காத கன்றின் மூக்கில் இரும்பு முனையைக் கட்டி விட்டார்களாம். அது எதிரியின் பெரிய எருமையைத் தாய் என்று நினைத்து மடியைத் தேடி முட்டி, வயிற்றைக் கிழித்துவிட்டதாம். மினாங் என்றால் வெற்றி, கபாவ் என்றால் எருமை. கதைதான். ஆனால் ஆயுதமில்லாதவன் புத்தியால் ஜெயித்த கதை எல்லோருக்கும் பிடிக்கும்.

இனி நான் பொறியாளர் என்பதால் கொஞ்சம் கட்டட விஷயம் சொல்ல அனுமதியுங்கள்.

அவர்களுடைய பெரிய வீட்டுக்கு 'ரூமா கடாங்' என்று பெயர். தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருக்கிறது. தூண்களை மண்ணில் புதைப்பதில்லை, தட்டைக் கல்லின் மேல் நிறுத்துகிறார்கள். ஆணி கிடையாது, மரக் குச்சியும் செருகலும்தான். அந்த மலைப் பகுதியில் நிலநடுக்கம் அடிக்கடி வரும். 2009 செப்டம்பர் 30ஆம் தேதி வந்ததில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பூமி அசைந்தால் தூண் கல்லின் மேல் லேசாக நகரும், இணைப்புகள் நெகிழ்ந்து கொடுக்கும், வீடு ஆடுமே தவிர உடையாது என்பதுதான் அந்த அமைப்பின் தத்துவம். சுவர்கள் மேலே போகப் போக வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் சாரல் சுவரில் அடிக்காது. கூரையின் செங்குத்தான சரிவில் மழைத் தண்ணீர் நிற்காது. பழைய கூரை பனையினத்து மரம் ஒன்றின் கறுப்பு நாரால் வேய்ந்தது, பல பத்தாண்டுகள் தாங்கும். இப்போது பெரும்பாலும் தகரம்தான். வீட்டு முற்றத்தில் கொம்புக் கூரையோடு நெற்குதிர்கள் நிற்கின்றன. அவற்றைப் பார்த்தபோது நம் காவிரிக் கடைமடைக் குதிர்களுக்கு இவ்வளவு மரியாதை யாராவது செய்தார்களா என்று தோன்றியது.

உள்ளே போனால் முன்பாதி முழுவதும் ஒரே நீளக் கூடம். கல்யாணம், கருமாதி, பஞ்சாயத்து எல்லாம் அங்கேதான். பின்பாதி வரிசையாக அறைகள். அந்த அறைகள் யாருக்கு? வீட்டின் கல்யாணமான பெண்களுக்கு, ஆளுக்கு ஒன்று. புதிதாகக் கல்யாணமான பெண்ணுக்குக் கடைசி முனையில் நல்ல அறை. அடுத்த தங்கைக்குக் கல்யாணம் ஆனால் அக்கா அடுக்களைப் பக்கம் ஓர் அறை தள்ளிப் போவாள். வீட்டுப் பையன்களுக்கு அறையே கிடையாது! பத்துப் பன்னிரண்டு வயதானால் பையன்கள் ராத்திரி தொழுகை இல்லத்தில்தான் படுப்பார்கள். அங்கேயே ஓதவும் சண்டை பழகவும் கற்றுக்கொள்வார்கள். பிறகு பிழைப்பும் படிப்பும் தேடி வெளியூர் போவார்கள். அந்தப் புறப்பாட்டுக்கு 'மெரந்தாவ்' என்று பெயர். அப்படி வெளியே போன பையன்கள்தான் நாடு முழுக்க சோற்றுக் கடை வைத்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள். இந்தோனேசியாவின் முதல் துணை ஜனாதிபதி முகம்மது ஹட்டாவும், அந்நாட்டின் முதல் பிரதமர் சுத்தான் ஷாரிரும் அந்த மண்ணின் பிள்ளைகள்.

வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை விருந்தாளி. அவனுடைய மனைவியின் குடும்ப விவகாரங்களில் முடிவு சொல்வது அவளுடைய அண்ணன் தம்பி. அவருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மாமாக்'. சொல்லாராய்ச்சி செய்ய எனக்குத் தகுதியில்லை. ஆனால் காது குத்த மடியில் உட்கார வைத்துக்கொள்கிற தாய்மாமன் இல்லாமல் நம் வீட்டில் ஒரு காரியம் நடக்குமா? நாம் சீர் வரிசையோடு நிறுத்திக்கொண்ட உறவை அவர்கள் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். அக்காள் பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், நிலத்தின் மேற்பார்வை எல்லாம் மாமன் பொறுப்பு.

பரம்பரைச் சொத்தை விற்கவே முடியாது. அடகு வைப்பதற்கும் நாலே நாலு காரணம்தான் வழக்கத்தில் உண்டு. வீட்டில் பிணம் கிடக்கிறது, அடக்கம் செய்யப் பணமில்லை. வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெரிய வீடு ஒழுகுகிறது. குலத் தலைவர் பதவி காலியாகக் கிடக்கிறது, பட்டம் கட்ட வேண்டும். அவ்வளவுதான். மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்க நிலத்தை அடகு வைப்பது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் கிடையாது!

இத்தனைக்கும் அவர்கள் பக்தியுள்ள முஸ்லிம்கள். மார்க்கச் சட்டத்தில் பாகப்பிரிவினை வேறு மாதிரி அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள், அடித்துக்கொண்டும் இருந்தார்கள். 1803இல் மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகள் தொடங்கிய சீர்திருத்த இயக்கம் உள்நாட்டுப் போராக முற்றி, அதில் டச்சுக்காரன் நுழைந்து, 1837இல்தான் போர் முடிந்தது. பிறகு ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். முன்னோர் வழி வந்த சொத்து தாய்வழியில் போகட்டும். ஒருவன் தன் உழைப்பில் சம்பாதித்தது மார்க்கச் சட்டப்படி பிள்ளைகளுக்குப் போகட்டும். இன்றுவரை அதுதான் நடைமுறை.

அங்கே எல்லாம் தேன் ஓடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஹம்கா என்ற பெரிய மார்க்க அறிஞர், அந்த மண்ணில் பிறந்தவர், 1938இல் எழுதிய நாவலில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். அப்பா மினாங்கபாவ், அம்மா வேற்றூர். அந்தப் பையன் அப்பாவின் ஊருக்கு வந்தால் அவனுக்குக் குலமே இல்லை, அந்நியன்! வழக்கம் சிலரைக் காக்கும்போது சிலரை வாசலில் நிறுத்துகிறது. இப்போது பிள்ளைகள் நகரத்தில் தனிக் குடித்தனம். பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. பகாருயுங் அரண்மனை 2007இல் இடி விழுந்து எரிந்தது. திரும்பக் கட்டி 2013இல் திறந்தார்கள். சுற்றுலாக்காரர்கள் வாடகைக்குப் பட்டு உடுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

சரி, இதெல்லாம் கடல் கடந்த சங்கதி, நமக்கென்ன என்கிறீர்களா? நம் வாசலுக்கு வருவோம்.

என் வகுப்புத் தோழர்களில் நாகூர், காரைக்கால் மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. முன்வரிசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கையைத் தூக்குங்க பார்ப்போம், உங்களில் எத்தனை பேர் கல்யாணத்துக்குப் பிறகு பெண் வீட்டுக்குக் குடிபோனவர்கள்? (கைகள் உயர்கின்றன, சிரிப்பு.) பார்த்தீர்களா! சுமத்ராவுக்கு விமானம் ஏற வேண்டியதே இல்லை.

காரைக்கால், நாகூர், தெற்கே கீழக்கரை, காயல்பட்டினம் என்று கடற்கரை நெடுக மரைக்காயர் குடும்பங்களில் பெரும்பாலும் வழக்கம் இதுதான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அம்மாவின் வீடு மகளுக்கு. இரண்டு மகள் என்றால் பக்கத்திலேயே இன்னொரு வீடு. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே பெண்கள் போய்வரத் தனி முடுக்குகளே உண்டு. அக்கா வீட்டுக் கொல்லையிலிருந்து தங்கை வீட்டு அடுக்களைக்குத் தெருவை மிதிக்காமல் போய்விடலாம். காரணமும் லேசில் புரிகிறது. ஆண்கள் சிங்கப்பூர், பினாங்கு, சைகோன், கொழும்பு என்று வருஷக் கணக்கில் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். புருஷன் ஊரில் இல்லாதபோது ஒரு சின்னப் பெண் யாரோடு இருப்பது? மாமியாரோடா, தாயோடா? நம் பெரியவர்கள் தாயோடு என்று முடிவு செய்தார்கள். மினாங்கபாவ் மக்களின் மெரந்தாவும் நம்ம ஊர்ச் சபுராளி வாழ்க்கையும் ஒரே கணக்குதான்.

மார்க்கச் சட்டத்தோடு இது எப்படி ஒத்துப்போகிறது? உயிரோடு இருக்கும்போதே வீட்டை மகளுக்கு 'ஹிபா'வாக, அதாவது நன்கொடையாக, கொடுத்துவிடலாம். அதற்குச் சட்டத்தில் தடையில்லை. இறந்த பிறகு பங்கு போடுவது மற்ற சொத்துக்குத்தான். சுமத்ராவில் முப்பது வருஷம் சண்டை போட்டுக் கண்டுபிடித்த சமரசத்தை நம் கடற்கரையில் ஒரு பத்திரத்தில் முடித்திருக்கிறார்கள்.

இது ஒரு மதத்து விஷயமும் அல்ல. இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் 'குடி' தாய்வழியில்தான். மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆனதும் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பெற்றவர்கள் பக்கத்து மனையில் அடுத்த மகளுக்கு வீடு கட்டிக்கொண்டு போவார்கள். யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில், தாய் வழியாகப் பெண்ணுக்கு வரும் சீதனச் சொத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. அங்கே சீதனம் என்பது முதலில் பெண்ணின் சொத்து. நாம்தான் அதை மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் ரொக்கமாக்கி வைத்திருக்கிறோம்.

2004 டிசம்பர் 26ஆம் தேதியை இந்த அரங்கில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் கரையில் போன உயிர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்றைக்கும் நா எழவில்லை. மட்டக்களப்புக் கரையிலும் அதே அலைதான். அங்கே அழிந்த வீடுகளில் மிகப் பல பெண்கள் பேரில் இருந்தவை. நிவாரண வீடு வந்தபோது படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம். அதிகாரிகள் அதில் புருஷன் பேரை எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடு, ஒரு கட்டத்தை நிரப்பியதில் கைமாறிப் போனது. நான் 31 வருஷம் அரசாங்கப் படிவங்களோடு வாழ்ந்தவன். ஒரு வரிக் கட்டத்துக்கு இவ்வளவு பலம் உண்டு என்பதை மாணவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு அந்தப் படிவத்தை அச்சடிக்கப் போகிறவர்களும் நீங்கள்தான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தாய்வழி என்றால் பெண் ஆட்சி என்று அவசரப்பட்டு நினைக்கக் கூடாது. நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள்வழி இருந்தது. சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளைகளும் கைவிடப்பட்டு நின்றார்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதியது அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான். 1926இல் சட்டம் வந்து மாறியது. கேரளத்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுக் குடும்ப முறைக்கே முடிவு கட்டியது. அங்கேயெல்லாம் சொத்து பெண் வழியில் வந்தாலும் சாவி மாமன் இடுப்பில் இருந்தது. நம் கடற்கரை வழக்கத்தின் நல்ல அம்சம், வீட்டின் சாவி அந்தப் பெண்ணிடமே இருப்பது.

ஆனால் நம்மிடமும் ஒரு சுமை ஏறிவிட்டது. முன்பு குடியிருந்த வீட்டையே பெண்ணுக்குக் கொடுத்தார்கள். இப்போது மனை விற்கிற விலையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி வீடு, அதற்கு மேல் நகை, அதற்கும் மேல் ரொக்கம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று பெண்ணைப் பெற்ற தகப்பன் அறுபது வயதிலும் வளைகுடாவில் வெயிலில் நிற்கிறான். பெண்ணுக்குக் காவலாக வந்த வழக்கம் பெற்றவனுக்கு அபராதமாக மாறலாமா? வீடு பெண்ணுக்கு என்பதை வைத்துக்கொள்வோம். ரொக்கம் மாப்பிள்ளைக்கு என்பதை விட்டுத் தொலைப்போம். பழைய வீட்டையே இரண்டு மாடியாக்கி இரண்டு மகள் இருக்கட்டுமே. ரூமா கடாங்கில் ஒரே கூரையின் கீழ் எத்தனை சகோதரிகள் இருந்தார்கள்!

இந்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 2005 செப்டம்பர் 9 முதல் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு. சட்டம் வந்துவிட்டது. ஆனால் "பொண்ணு கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்துடுச்சு" என்று பெருமையாகச் சொல்கிற அண்ணன்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். எழுதிக் கொடுக்காத தங்கைக்கு அடுத்த பொங்கலுக்குச் சீர் வருவதில்லை. நாகூர்த் தெருவில் ஒரு விதவை, ஒரு விவாகரத்தான பெண், "நான் எங்கே போவேன்" என்று கேட்டு நிற்பதில்லை. அவள் எங்கும் போக வேண்டாம், அவள் இருப்பது அவள் வீடு. நாகூருக்கும் போலகத்துக்கும் கூப்பிடு தூரம். அந்த ஒரு விஷயத்தை மட்டும் நாம் ஏன் கற்றுக்கொள்ளவில்லை?

முடிக்கும் முன் இரண்டு வேண்டுகோள். மாணவச் செல்வங்களே, காரைக்கால், நாகூர்ப் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிகின்றன. திண்ணை, முற்றம், பெண்கள் வழி என்று அளவெடுத்து வரைபடம் போட்டு வையுங்கள். வீட்டுக்காரர்கள் அனுமதித்தால் பழைய பத்திரங்களைப் பார்த்து, மூன்று தலைமுறையாக அந்த வீடு யார் பேரில் இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். பிரெஞ்சுக் காலத்துப் பத்திரம் என்றால் படித்துச் சொல்லப் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தாமதிக்க வேண்டாம். அடுத்த மலரில் அந்தக் கட்டுரை வரட்டும்.

தோழர்களே, நமக்கெல்லாம் தலை நரைத்துவிட்டது. வாயால் "எல்லாம் உனக்குத்தாம்மா" என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். வாய்ச்சொல் பதிவு அலுவலகத்தில் செல்லாது. திங்கள்கிழமை போய் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டுப் பத்திரத்தில் பாதியைச் சென்ற வருஷம் மகள் பேரில் எழுதிவிட்டேன். மகனிடம் கேட்டேன், "என்னப்பா, வருத்தமா?" என்று. "அக்கா வீட்டுக்கு வந்தா ஒரு ரூம் கொடுப்பா இல்லப்பா?" என்றான். கொடுப்பாள்.

 சாப்பாடு ஆறுகிறது.